வட்டத்துக்குள் எட்டுப் பேர்

அண்ணி செய்த தவறுகள் இரண்டு. ஒன்று கணக்கில் நடந்தது. அதை யார் வேண்டுமானாலும் மன்னித்துவிடுவார்கள். இன்னொன்று கழுத்தில் நடந்தது. தலையை மேலும் கீழுமாக ஒரே ஒரு தடவை அசைத்தாள், அவ்வளவுதான். அந்த ஒரு அசைவு அவளை ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட விடாமல் அடித்துவிட்டது.

அவளை அண்ணி என்று கூப்பிட உரிமை உள்ளவள் உலகத்தில் ஒருத்திதான், கணவரின் தங்கை. ஆனால் அந்த நாத்தனார் அவளை ஞாயிற்றுக்கிழமைப் பொம்மைப் போருக்கு அழைத்துப்போன முதல் நாளே அந்தப் பெயர் மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. தையல்கடை மாடியில் கூடுகிற அத்தனை பேருக்கும் அவள் அண்ணிதான். அவளைவிடப் பத்து வயது மூத்த தையல்காரர்கூட, வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே, வாங்க அண்ணி என்பார்.

பொம்மைப் போர் என்றால் குழந்தைகள் விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி நினைத்து வாய்விட்ட அண்ணியின் கணவர், தங்கையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. துணி வெட்டுகிற பெரிய மேஜையில் பச்சைத் துணி விரித்து, ஸ்பாஞ்சில் குன்று செய்து வைப்பார்கள். சுண்டுவிரலில் பாதி உயரமுள்ள சிப்பாய்கள், ஒவ்வொருவனும் ஒரு அங்குல வட்டத் தட்டில் ஒட்டப்பட்டு நிற்பான். பகடை உருட்டி, அளவுநாடா வைத்து அளந்து அளந்து நகர்த்துவார்கள். ஒரு மதியம் முழுக்க ஒரு போர். பார்ப்பவனுக்குக் கொட்டாவி வரும். ஆடுகிறவனுக்கு வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தாலும் நினைவுக்கு வராது.

நாத்தனாரிடம் நாற்பது சிப்பாய்கள் இருந்தார்கள். விவாகரத்து ஆகி அண்ணன் வீட்டுப் பின்னறைக்கு வந்தவள், மாதக்கணக்கில் அந்த அறையை விட்டு அதிகம் வெளியே வராமல் அவர்களுக்கு வர்ணம் பூசினாள். ஒருவன் முகம்போல் இன்னொருவன் முகம் இருக்காது. ஒருவனுக்குத் தூக்கம் வருகிறது, ஒருவனுக்குப் பல்வலி. அழுத முகத்தோடு உள்ளே போனவள் வர்ணம் பட்ட விரல்களோடு வெளியே வந்து அண்ணியின் முன்னால் ஒவ்வொருவனாக நீட்டுவாள். நல்லாருக்கா அண்ணி? அண்ணி நல்லாருக்கு என்று சொன்ன பிறகுதான் அவனுக்கு மேல்பூச்சு.

அவளைப் பிரிந்த கணவரும் அதே மாடிக்குத்தான் வந்துகொண்டிருந்தார். அவர்தான் கல்யாணமான புதிதில் அவளுக்கு இந்த ஆட்டத்தைக் காட்டியது. பிரியும்போது பாத்திரம் பண்டத்தைப் பிரித்துக்கொண்டார்கள், ஞாயிற்றுக்கிழமையைப் பிரித்துக்கொள்ள முடியவில்லை. இருவரும் வந்தார்கள், எதிரெதிர்ச் சுவரோரம் நின்றார்கள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுக்கிற மனிதர், வீட்டில் இருந்தவள் பார்த்ததை மட்டும் ஒருநாளும் சரியென்று ஒப்புக்கொண்டதில்லை. கத்த மாட்டார், கை ஓங்க மாட்டார். பொறுமையாகச் சிரித்து, 'இன்னொரு தடவை எண்ணிப் பாரு' என்பார். சில்லறையை எண்ணினாலும் சரி, சலவைத் துணியை எண்ணினாலும் சரி. எட்டு வருஷம் அதைக் கேட்டவள், தன் கையில் எத்தனை விரல் என்பதையும் யாரிடமாவது கேட்டுத்தான் உறுதிசெய்துகொள்வாள்.

அவரிடம் இரண்டு பீரங்கிகள் இருந்தன. பீரங்கி சுடும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வேண்டாம். மூன்று அங்குல அகலத்தில் கண்ணாடி மாதிரியான ஒரு பிளாஸ்டிக் வட்டம். அதைக் குறிவைத்த இடத்தில் வைப்பார்கள். பிறகு திசைப் பகடையை உருட்டுவார்கள். அதன் ஆறு முகங்களில் இரண்டில் குறி இருக்கும். அது விழுந்தால் குண்டு சொன்ன இடத்திலேயே விழுந்தது என்று அர்த்தம். மற்ற நாலிலும் அம்பு. அம்பு விழுந்தால் அது காட்டுகிற பக்கம், சாதாரணப் பகடையில் விழுந்த எண்ணிக்கை அங்குலத்துக்கு வட்டம் நகரும். கடைசியில் வட்டத்துக்கு அடியில் அகப்பட்டவன் எல்லாம் மேஜையை விட்டு இறங்க வேண்டியதுதான்.

மாடியில் எல்லோரும் கூடிப் பார்க்கிற பெரிய ஆட்டம் ஒன்றில் அவரோடு மோத நாத்தனார்தான் பேர் கொடுத்தாள். அவளாகக் கொடுத்தாள், யாரும் தள்ளவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எல்லோர் முன்னாலும் அவரை ஜெயிக்க வேண்டும் என்று அண்ணியிடம் மட்டும் சொன்னாள். ஜெயிச்சா என்ன செய்வே என்று அண்ணி கேட்டதற்கு, ஒண்ணும் செய்ய மாட்டேன், நல்லாத் தூங்குவேன் என்றாள்.

சிக்கல் இதுதான். சிப்பாய்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றால் வேகமாக நடப்பார்கள், மூர்க்கமாக மோதுவார்கள். ஆனால் ஒரு குண்டில் பலர் சாவார்கள். பரவி நின்றால் குண்டுக்குத் தப்பலாம், ஆனால் ஆமை வேகம். ஒட்டி நிற்பதா, பரவி நிற்பதா? ஒரு குண்டுக்குச் சராசரியாக எத்தனை பேர் போவார்கள் என்று தெரிந்தால் பதில் தெரிந்துவிடும். அதை யாரைக் கேட்பாள்? அண்ணியைத்தான் கேட்டாள்.

கேட்டதிலும் தப்பில்லை. அண்ணிக்குப் பிழைப்பே வட்டங்கள்தான். கட்டடங்களின் கூரையில் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர்களை எங்கெங்கே வைப்பது என்று வரைபடம் போடுகிற அலுவலகத்தில் வேலை. ஒவ்வொரு ஸ்பிரிங்க்ளரும் ஒரு வட்டம் நனைக்கும். எந்த மூலையும் காய்ந்து கிடக்கக் கூடாது. அவள் கட்டம் போட்ட தாளில் நாற்பது சிப்பாய்களை எட்டெட்டாக ஐந்து வரிசை வரைந்தாள். ஃபைல் உறையிலிருந்து ஒரு வட்டம் வெட்டி, குறி விழுந்தால் எத்தனை பேர், ஒரு அங்குலம் விலகினால் எத்தனை பேர், ஆறு அங்குலம் விலகினால் எத்தனை பேர் என்று எல்லாத் திசையிலும் நகர்த்தி நகர்த்திக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினாள். எல்லாவற்றையும் அதது விழுகிற வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினாள். குண்டு ஒன்றுக்கு இரண்டரைப் பேர் என்று வந்தது. இரண்டு பீரங்கிக்கும் சேர்த்துச் சுற்றுக்கு ஐந்து. நாலு சுற்றில் மேஜையைக் கடந்துவிடலாம். பாதிப் படை மிஞ்சும்.

"ஒட்டியே நிக்கட்டும். தைரியமா நட," என்றாள்.

அந்தக் கணக்கைப் பட்டியலாகப் போட்டுக் தையல்கடை மாடிக் கிளப்பின் சுவரிலும் ஒட்டி வைத்தாள். எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அண்ணியை இனிமே கணக்குப்புலின்னுதான் கூப்பிடணும் என்றார் தையல்காரர். கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் பட்டியலை நின்று நிதானமாகப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அண்ணிக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது. ஆளை வாயடைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆட்டத்தன்று மாடி நிறைந்திருந்தது. நடுவர் தையல்காரர். நாத்தனார் தன் நாற்பது பேரையும் இடைவெளியில்லாமல் அடுக்கினாள். முதல் குண்டு. திசைப் பகடையில் அம்பு விழுந்தது. ஒரு அங்குலம் விலகல். தையல்காரர் வட்டத்தை நகர்த்திவைத்து, குண்டூசி முனையால் ஒவ்வொருவனாகத் தொட்டு எண்ணத் தொடங்கினார். வட்டத்துக்குள் முழுசாக இருந்த நாலு பேரைத் தொட்டதும் அண்ணி மனசுக்குள் சரி என்றாள். அவர் நிறுத்தவில்லை. ஓரத்தில் பாதி மட்டும் அகப்பட்டவர்களையும் தொட்டார். தட்டின் விளிம்பு மட்டும் பட்டவர்களையும் தொட்டார்.

"பதினொண்ணு. தட்டு பட்டாலே போதும், ஆள் காலி," என்றார் பொதுவாக.

பட்டாலே போதும். விதி அதுதான், அண்ணியும் படித்திருக்கிறாள். ஆனால் பதினைந்து வருஷமாக அவள் தலைமைப் பொறியாளர் அவள் காதில் ஓதிய பாடம் வேறு. பாதி நனைந்தால் நனையவில்லை என்று அர்த்தம். ஸ்பிரிங்க்ளர் கணக்கில் வட்டத்தின் ஓரத்தில் பாதி விழுகிற இடத்தை ஒருநாளும் சேர்த்துக்கொள்ளக் கூடாது. சேர்த்தால் கட்டடம் எரியும். அந்தப் பழக்கத்தில் அவள் கை, பாதி மட்டும் அகப்பட்ட ஒவ்வொரு சிப்பாயையும் உயிரோடு விட்டிருந்தது. ஆட்களைக் காப்பாற்றுகிற கணக்கைக் கொன்று போடுகிற இடத்தில் போட்டிருக்கிறாள்.

இரண்டாவது பீரங்கியில் ஏழு பேர். ஒரே சுற்றில் பதினெட்டுப் பேர் பெட்டிக்குப் போய்விட்டார்கள். கண்ணாடிக்கடைக்காரர் சுவரில் இருந்த பட்டியலை ஒரு தடவை பார்த்தார். மறுபடி மேஜையைப் பார்த்துக்கொண்டார்.

நாத்தனாரின் முறை. இன்னும் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். இப்போதே பரவினால் ஆட்டத்தை இழுத்துப் பிடிக்கலாம். ஜெயிக்காவிட்டாலும் மானம் போகாது. அவள் கை சிப்பாய்களின் மேலே நின்றது. நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். பார்வையாளர்கள் வாய் திறக்கக் கூடாது என்று விதி உண்டு. கண்ணுக்கும் கழுத்துக்கும் விதி எழுத யாருக்கும் தோன்றவில்லை, எல்லோருமே அப்படித்தான் குறிப்புக் கொடுப்பார்கள். அண்ணி இடம் வலமாகத் தலையை அசைத்திருந்தால் போதும்.

ஆனால் அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். கணக்குப்புலி என்று பட்டம் கொடுத்த தையல்காரர் பார்த்தார். அந்த மனிதரும் பார்த்தார். என் கணக்குத் தப்பு என்று அவர் முன்னால் ஒப்புக்கொள்ள அண்ணியின் வீம்பு இடம் கொடுக்கவில்லை. முதல் சுற்றில் ஏதோ துரதிர்ஷ்டம், அடுத்த குண்டு தூர விலகிப் போய்விடும், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நொடியில் தனக்குத்தானே ஒரு பொய்யையும் சொல்லிக்கொண்டாள். மேலும் கீழுமாகத் தலையை அசைத்தாள். நட.

நாத்தனார் அவர்களை ஒட்டியே நடத்தினாள்.

அடுத்த சுற்றில் பன்னிரண்டும் ஆறும் போயின. படையில் பெரும்பங்கு போனால் மற்றவர்கள் ஓட வேண்டும் என்ற விதிப்படி மிஞ்சிய நாலு பேரும் ஓட்டமெடுத்தார்கள். ஆட்டம் முடிந்தது. கண்ணாடிக்கடைக்காரர் மேஜையைச் சுற்றி வந்து, கை குலுக்கி, அதே பொறுமையான சிரிப்போடு சொன்னார்:

"முதல் ரவுண்டுலயே தெரிஞ்சிருக்குமே. ஒரு தடவை எண்ணிப் பாத்திருக்கலாம். பரவாயில்ல விடு, உனக்கு அது எப்பவும் வராது."

பட்டியல் அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில்தான் இருந்தது. நாத்தனார் அதைக் கைகாட்டவில்லை. அண்ணி பக்கம் திரும்பக்கூட இல்லை.

"ஆமா. என் முடிவுதான்," என்றாள்.

அண்ணி அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவளை ஒரேயடியாகத் திட்டவும் நமக்கு மனம் வரவில்லை. அப்படிப்பட்டவர்களைத் தினம் பார்க்கிறோம், கண்ணாடியிலும் பார்க்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வழக்கமாக அறையின் வாசலில் காய்கிற தூரிகைகள் அந்த வாரம் காயவில்லை. அண்ணியின் கணவர், விளையாட்டுதானே, அதுக்கு ஏன் ரெண்டு பேரும் கப்பல் கவுந்த மாதிரி இருக்கீங்க என்று கேட்டுவிட்டு, அண்ணியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர்மேல் எரிந்து விழுந்ததும் அவளுக்கு இன்னும் கேவலமாக இருந்தது. தப்புச் செய்தவள் ஒருத்தி, திட்டு வாங்குவது வேறொருவர்.

அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் கணக்கை மறுபடி போட்டாள். இந்தத் தடவை தட்டு பட்டவனையெல்லாம் எண்ணினாள். குண்டு ஒன்றுக்கு எட்டுப் பேர் வந்தது. இன்னொரு தடவை போட்டாள், எட்டு. இரண்டரை எங்கே, எட்டு எங்கே! புதுக் கட்டடமா என்று எட்டிப் பார்த்த பக்கத்து மேஜைக்காரரிடம், இல்லை, எரிந்துபோனது என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தலைக்கு மேலே அவளே வரைந்து வைத்த ஸ்பிரிங்க்ளர்கள் வரிசையாகத் தொங்கின. அவை ஒவ்வொன்றும் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் அவளுக்கு உறுத்தியது.

அன்று சாயங்காலம் பின்னறைக் கதவைத் தட்டினாள். நாத்தனார், பெட்டியில் அவசரமாக அள்ளிப் போட்டதில் கை உடைந்துபோன ஒரு சிப்பாய்க்குப் பசை வைத்துக்கொண்டிருந்தாள். பல்வலிக்காரன். அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பாதி நனைந்தால் நனையவில்லை என்கிற பாடத்தைச் சொன்னாள், கை தன்னால் அந்தப் பழக்கத்துக்குப் போனதைச் சொன்னாள், இரண்டரையைச் சொன்னாள், எட்டைச் சொன்னாள். கணக்கில் நடந்த தவறை இவ்வளவு அழகாக விளக்க அவளைவிட ஆள் கிடையாது. நாத்தனார் கேட்டுக்கொண்டே வந்தவள், கடைசியில் லேசாகச் சிரித்துக்கூட விட்டாள். உங்க பொறியாளரைக் கூட்டிட்டு வந்து என் படைக்குத் தளபதியாப் போட்டிருக்கணும் அண்ணி என்றாள். தப்பு எல்லாருக்கும் வரும், விடுங்க என்றாள்.

அண்ணிக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் தவித்தோம் என்று எழுந்தாள். கதவுவரை போய்விட்டாள்.

"அண்ணி," என்றாள் நாத்தனார், பசையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டாவது ரவுண்டுக்கு முன்னாடி நான் உங்களைப் பாத்தேன்ல. அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மதியம்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லியிருக்கலாம், பாதி உண்மை. ஆனால் பாதி பட்டாலும் பட்டதுதான் என்று இப்போதுதான் வாயால் விளக்கிவிட்டு வந்திருக்கிறாள்.

"தெரியும்," என்றாள்.

நாத்தனார் சிப்பாயின் கையை விரல் நுனியால் பிடித்துக்கொண்டிருந்தாள். பசை காய்கிறவரை விட முடியாது.

"என் கண்ணு பதினெட்டுன்னு எண்ணுச்சு. இது சரியில்லையே, பரவி நிக்கணுமேன்னு கை தானா போச்சு," என்றாள். "நீங்க தலையாட்டுனீங்க. சரி, நான்தான் தப்பா எண்ணிட்டேன் போலன்னு நெனச்சேன். அவரு சொல்லிச் சொல்லி எனக்கு அப்படியே பழகிப்போச்சு. ஆனா உங்ககிட்ட மட்டும்தான் நான் பயப்படாம கேட்டுட்டு இருந்தேன்."

அண்ணி அழுதாள். அழுவது தனக்கே வெட்கமாக இருந்ததால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டாள். என்ன செய்யட்டும் சொல்லு, செய்யறேன் என்றாள்.

"அவர் முன்னாடி சொல்லுங்க. தலையாட்டுனதையும் சேத்து."

ஞாயிற்றுக்கிழமை அண்ணி சொன்னாள். சுவரிலிருந்து பட்டியலைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, நின்றபடியே, கூனிக் குறுகி, ஒன்றையும் மென்று முழுங்காமல் சொன்னாள். கணக்குத் தப்பு என்னுடையது. தெரிந்த பிறகும் நட என்று தலையாட்டியது நான். அவள் கை பரவ விடத்தான் போனது. அவள் பார்த்தது சரி. கண்ணாடிக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இருந்தாலும் யார் சொன்னாலும் அவளும் ஒரு தடவை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். பட்டியல் தப்பு என்று படித்த அன்றே உங்களுக்குத் தெரிந்திருக்குமே, ஏன் சொல்லவில்லை என்று தையல்காரர் கேட்டார். கண்ணாடிக்கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு யாரும் கணக்குப்புலி என்று கூப்பிடவில்லை. அதில் அண்ணிக்கு வருத்தமில்லை. வீட்டில் எல்லாம் பழையபடி ஓடியது. சமையலறையில் சேர்ந்து நின்றார்கள், அண்ணனைச் சேர்ந்து கேலி செய்தார்கள். தூரிகைகள் மறுபடி வாசலில் காய்ந்தன. பல்வலிக்காரனுக்குக் கை ஒட்டி, புது வர்ணமும் ஏறியது. ஆனால் அவனை நீட்டி, நல்லாருக்கா அண்ணி என்று யாரும் கேட்கவில்லை. மேல்பூச்சும் தானாகவே ஏறிவிட்டது. அண்ணி அவனை அலமாரியில்தான் பார்த்தாள்.

அடுத்த பெரிய ஆட்டத்தில் நாத்தனார் மறுபடி அதே மனிதருக்கு எதிரே நின்றாள். சிப்பாய்களை அடுக்குவதற்கு முன் கிளப்பின் வட்டத்தைக் கேட்டு வாங்கினாள். தன் ஆட்கள் மேலேயே வைத்தாள். இங்கே வைத்தாள், அங்கே வைத்தாள், ஒரு வரிசையைக் கலைத்துவிட்டு மறுபடி வைத்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு விரலால் தொட்டுத் தொட்டு, உதடு அசைய எண்ணினாள். தையல்காரர் பழக்கத்தில் அண்ணி பக்கம் திரும்பி, எப்படி அண்ணி, ஒட்டியா பரவியா என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நாத்தனார் நிமிரவில்லை. வட்டத்தைக் கடைசியாக ஒரு தடவை வைத்தாள்.

"எட்டு," என்றாள், யாரையும் பார்க்காமல்.

அண்ணியும் சுவரோரம் உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணியிருந்தாள். எட்டுதான். தலையை மட்டும் அசைக்கவில்லை.